தொடுதிரையும் தொட்டறிதலும்

மோட்டார் வண்டிகளின் முகப்பிலே இக்காலத்திற் பெரும்பாலும் காணப்படும் ஒளிர்பலகைக்குத் 'தொடுதிரை' என்று பெயர் வழங்குகின்றது. சொல் நல்ல சொல்லே. தொட்ட திரை, தொடுகின்ற திரை, தொடுந் திரை என முக்காலமுங் கரந்து நிற்பதால், வினைத்தொகைக்கு உதாரணங் கேட்டால் ஊறுகாய், சுடுசோறு என்பவற்றோடு இதனையும் இன்றைய மாணாக்கர் சேர்த்துச் சொல்கின்றனர். ஆனால், தொடுகின்ற விரலுக்கு அத்திரை யாது சொல்கின்றது என்று வினவினால், ஒன்றுஞ் சொல்வதில்லை என்பதே விடை. ஒலியைக் கூட்டும் இடமும், காற்றைக் குளிர்விக்கும் இடமும், வழிகாட்டும் படமும் விரலுக்கு ஒரே வழவழப்பு. தொட்டது எதனை என்பதைக் கண் வந்து சொன்னாலன்றிக் கை அறியாது. கைக்குரியது போலப் பெயர் பூண்டு, கண்ணை வேலை வாங்குகின்ற இக்கருவியை ஓடும் வண்டியின் சாரதிக்குப் பக்கத்தில் வைக்கலாமா, வைப்பதாயின் அதனோடு எவ்வெவற்றைத் துணையாக வைக்க வேண்டும் என்பதை ஆராய்தல் இன்று பயனுடையது. வண்டி ஓட்டாதவர்க்கும் இதிற் பங்கு உண்டு. வீதியில் நடப்பவர் அவர்கள் அல்லரோ?

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு வகையால் அடுக்கும்போது, முதலில் வைத்தது மெய்யால் உற்றறியும் அறிவினையே. புல்லுக்கும் மரத்துக்கும் உரிய அந்த ஓரறிவின் மேல் நா, மூக்கு, கண், செவி என்பன ஒவ்வொன்றாய் ஏறி, ஈற்றில் மனம் வந்து நிற்கின்றது. முதற்படியில் நிற்பது என்பதால் தொட்டறிதல் தாழ்ந்தது என்று கொள்ளுதல் பிழை. ஏனைய யாவற்றையுந் தாங்கும் அடிநிலை அது. நாகசுரக்காரர் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டு வாசிப்பதில்லை. இருட்டிலே நெருப்புப் பெட்டியைத் தேடி எடுக்குங் கை, பெட்டியின் எப்பக்கம் உரசும் பக்கம் என்பதையும் தானே அறிந்துகொள்ளும். தட்டச்சுப் பொறியிலே கண்ணைத் தாளில் வைத்துக்கொண்டு விரைந்து அடிப்பவர்களைக் காண்கின்றோம். கண்ணுக்கு வேறு தொழில் இருக்கும்போது கை தன் தொழிலைத் தானே முடித்துக்கொள்வதற்கு இயற்கை தந்த வழி இது.

வண்டி ஓட்டுபவரின் கண்ணுக்கு உள்ள தொழில் ஒன்றே: அது வீதி.

'டாஷ்போர்ட்' என்னுஞ் சொல்லின் பிறப்பையும் இவ்விடத்திற் சொல்லுதல் தகும். குதிரை வண்டிக் காலத்தில், குதிரையின் குளம்பு வாரியிறைக்குஞ் சேறு ஓட்டுநர் மேற் படாவண்ணம் முன்னே நிறுத்தப்பட்ட பலகைக்கு அப்பெயர். குதிரை போய் இயந்திரம் வந்த பின்னும் பலகை போகவில்லை. வேகமானி, எண்ணெய் அளவு காட்டும் முள், பின்னர் வானொலிப் பெட்டி, குளிர்காற்றுப் பொறி என்று ஒவ்வொன்றாக அதில் வந்து குடியேறின. சேற்றைத் தடுக்கப் பிறந்த பலகை, சாரதியின் கண்ணுக்கும் கைக்கும் பொதுவான மேசையாயிற்று. பழைய வண்டிகளில் அம்மேசையிலே ஒலிக்கு உருண்டைக் குமிழ், காற்றுக்கு இழுக்குந் தண்டு, வெப்பத்துக்குத் திருகுங் குமிழ், அபாய விளக்குக்கு அழுத்தும் ஆளி என வடிவும் அசைவும் வெவ்வேறாக இருந்தன. ஒரு கிழமை ஓட்டினால் கை எல்லாவற்றையும் படித்துவிடும்.

வடிவத்தால் கைக்கு அறிவித்தல் என்பது உயிரைக் காக்குங் கலை என்று தெளிந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே. அமெரிக்கரின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாய்த் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொண்டு வயிறு தேயத் தரையில் வீழ்ந்தன. விமானியின் கவனக்குறைவு என்று முதலிற் சொல்லப்பட்டது. அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் உளவியலாளர் விமானியின் அறையை ஆராய்ந்தபோது, சக்கரத்தை மடக்கும் ஆளியும் இறக்கையின் மடிப்பை இயக்கும் ஆளியும் ஒரே வடிவினவாய் அருகருகே இருத்தலைக் கண்டார். களைத்துப்போன விமானி ஒன்றைத் தொடுவதாக எண்ணி மற்றதைத் தொட்டான். சப்பானிஸ் சொன்ன பரிகாரம் மிக எளியது. சக்கரத்துக்குரிய ஆளியின் தலையிற் சிறு சக்கரம் ஒன்றையும், இறக்கை மடிப்புக்குரியதன் தலையில் ஆப்பு வடிவம் ஒன்றையும் பொருத்தச் சொன்னார். இன்றைக்கும் பயணிகள் விமானங்களிலே சக்கரத்தை இயக்குந் தண்டின் தலை சக்கர வடிவாகவே இருத்தல் வேண்டும் என்று அமெரிக்க விதி உள்ளது.

இனித் தொடுதிரையின் வரலாறு. 1965இல் இங்கிலாந்தின் மால்வேண் நகரிலிருந்த அரச ராடர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜோன்சன் என்பவர் விரலால் இயங்குந் திரை பற்றி எழுதினார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோர்க்கு அது உதவும் என்பது அவர் கருத்து. எழுபதுகளில் ஜெனீவாவை அடுத்த 'சேர்ன்' அணுவாராய்ச்சிக் கூடத்தில், பெரியதொரு துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்கென ஒளி ஊடுருவுந் தொடுதிரைகள் அமைக்கப்பட்டன. கண்ணாடியின் மேற் பூசப்பட்ட மின்கடத்தும் மென்படலத்தை விரல் அணுகும்போது அவ்விடத்துக் கொள்ளளவம் மாறும். அம்மாற்றத்தைக் கணினி அறியும். இன்றைய திரைகளிற் பெரும்பாலானவை இம்முறையைச் சேர்ந்தவையே. அழுத்தத்தால் இரண்டு படலங்கள் ஒன்றையொன்று தொட இயங்குவது வேறொரு வகை. இரு வகையிலும் திரை விரலை அறிகின்றது. விரல் திரையை அறிவதில்லை. முடுக்கியின் கட்டுப்பாட்டு அறையில் அதனாற் குறையொன்றுமில்லை. அங்கே இருப்பவர்க்குத் திரையைப் பார்ப்பதே தொழில்.

அதனை மோட்டார் வண்டியில் ஏற்றி விற்பனைக்கு விட்டது அமெரிக்காவின் பியூக் நிறுவனம். 1986ஆம் ஆண்டு ரிவியரா வண்டியிலே, கதோட்டுக் கதிர்க் குழாயாலான பச்சை ஒளித் திரையொன்று முகப்பின் நடுவே அமர்ந்தது. வானொலியும் குளிர்காற்றும் அதன் பக்கங்களுக்குள்ளே சென்று மறைந்தன. ஒன்றை மாற்ற வேண்டுமாயின் முதலில் அதற்குரிய பக்கத்தைத் திறத்தல் வேண்டும். வாங்கியவர்கள் மகிழவில்லை. 1990ஆம் ஆண்டு வண்டிகளில் அத்திரை நீக்கப்பட்டுப் பழைய பொத்தான்களே மீண்டும் வந்தன. இந்த அனுபவம் அச்சாகி நூலகங்களில் உறங்கிக்கொண்டிருக்க, 2012இல் டெஸ்லா நிறுவனம் 17 அங்குலத் திரையுடன் தன் எஸ் வகை வண்டியை வெளியிட்டது. உலகம் வியந்தது, ஏனைய நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. 2017இல் வந்த அந்நிறுவனத்தின் மற்றொரு வண்டியில் வேகத்தைக் காட்டும் எண்ணும் நடுத்திரைக்கே போயிற்று.

பின்தொடர்ந்தமைக்குக் காரணம் அழகு ஒன்று மாத்திரமன்று. நாற்பது ஆளிகளுக்கு நாற்பது அச்சு, நாற்பது கம்பி வேண்டும். ஒரு திரைக்கு அவை வேண்டியதில்லை. வண்டி விற்ற பின்னும் மென்பொருளை மாற்றிப் புதிய வசதிகளைச் சேர்க்கலாம். செலவு குறைகின்றது, குறைந்த செலவுக்கு 'நவீனம்' என்ற பெயரும் கிடைக்கின்றது. வணிகர்க்கு இதனினும் இனியது யாதுளது?

எனினும் திரையை அடியோடு பழித்தல் முறையன்று. வழிகாட்டும் படம் திரையின்றி அமையாது. வண்டியைப் பின்னே செலுத்தும்போது பின்புறத்தைக் காட்டும் கமரா, குழந்தைகளின் உயிரைக் காக்கும் பெரும்பேறு. 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் அது இருத்தல் வேண்டும் என்று விதித்துவிட்டனர். பார்ப்பதற்குரியதைத் திரையிற் பார்ப்பதிற் குற்றமில்லை. பாராமற் செய்யக்கூடியதாயிருந்த செயலைப் பார்த்துச் செய்யவேண்டியதாக மாற்றியதே குற்றம்.

இதனை அளந்தும் பார்த்திருக்கின்றனர். 2022இல் சுவீடன் நாட்டு மோட்டார் சஞ்சிகையான 'வீ பிலேகாரே' பதினொரு புதிய வண்டிகளையும், 2005ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய வொல்வோ வண்டி ஒன்றையும் மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டிச் சோதித்தது. வானொலியை இயக்கி ஒரு நிலையத்தைப் பிடித்தல், வெப்பத்தை மாற்றல் முதலிய நான்கு வேலைகளைச் சாரதி செய்தல் வேண்டும். வண்டியோடு பழகுவதற்கு முன்கூட்டியே அவகாசமும் தரப்பட்டது. பொத்தான்கள் நிறைந்த பழைய வொல்வோவில் நான்கும் 10 செக்கனில் முடிந்தன. அதற்குள் வண்டி ஓடிய தூரம் 306 மீற்றர். புதியவற்றுள் மிகப் பின்தங்கியதில் ஏறத்தாழ 45 செக்கன். ஓடிய தூரம் 1372 மீற்றர். கைக்குத் தெரிந்த வேலையைக் கண்ணிடம் ஒப்படைத்ததற்கு வீதியில் நாம் கொடுக்கும் விலை ஒரு கிலோமீற்றருக்கு மேல்!

2013இல் அமெரிக்க வீதிப் பாதுகாப்புத் திணைக்களம் வெளியிட்ட வழிகாட்டற் குறிப்பொன்று, ஓடும் வண்டியில் ஒரு வேலைக்காகச் சாரதி ஒருமுறை கண்ணை எடுப்பது 2 செக்கனுக்கு மேற்படலாகாது என்றும், அவ்வேலை முழுவதற்கும் 12 செக்கனுக்கு மேற்படலாகாது என்றும் கூறுகின்றது. இரண்டு செக்கன் சிறிதெனத் தோன்றும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அது 33 மீற்றர். வவுனியாவுக்கு வடக்கே ஏ-9 வீதியில் மாலை மங்கும் வேளை மாடுகள் குறுக்கே வருவதைக் கண்டோர் இந்த 33 மீற்றரின் பொருளை உணர்வர். இங்கிலாந்தில் 2020இல் நடத்தப்பெற்ற பாவனைச் சோதனையொன்றில், கைத்தொலைபேசியை வண்டித் திரையோடு இணைக்கும் முறைகளுள் ஒன்றைத் தொட்டு இயக்கிய சாரதிகள் ஆபத்தைக் கண்டு செயற்படுவதற்கு எடுத்த நேரம் 57 வீதம் கூடியது. சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை மது அருந்தியவர்க்குக் கூடும் நேரம் 12 வீதமே. மது அருந்தி ஓட்டுபவனைப் பழிக்கும் நாம், திரையைத் தடவிக்கொண்டு ஓட்டுபவனை நாகரிகன் என்கின்றோம்.

ஜேர்மனியில் ஒரு வழக்கு. பெருமழையில் டெஸ்லா வண்டியை ஓட்டிச் சென்ற ஒருவர், கண்ணாடி துடைக்கும் வைப்பரின் வேகத்தைத் திரையிலே மாற்ற முயன்றபோது வண்டி வீதியை விட்டு விலகி மரங்களில் மோதியது. 2020இல் கார்ல்சுரூஹ மேல்நீதிமன்றம் அவர்க்கு விதித்த 200 யூரோ தண்டத்தையும் ஒரு மாத ஓட்டத் தடையையும் உறுதிசெய்தது. வைப்பர் வண்டிக்கு இன்றியமையாத உறுப்பேயாயினும், அதனை இயக்க வைத்திருப்பது மின்னணுத் திரையாயின், கைத்தொலைபேசிக்குரிய கட்டுப்பாடு அதற்கும் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். சாரதி தண்டிக்கப்பட்டார். மழையிலே திரையைத் தேட வைத்தவர் யார் என்னுங் கேள்வி அந்நீதிமன்றத்தின் முன் இருக்கவில்லை.

வண்டியை விட்டுச் சற்றே கடலுக்குச் செல்வோம். ஏனெனில் இக்குறையின் முழு உருவமும் தெரிந்தது அங்கேதான். 2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21ஆந் திகதி விடியற்புறத்தில், சிங்கப்பூர் நீரிணையை அணுகிக்கொண்டிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் 'ஜோன் எஸ். மெக்கெய்ன்' எண்ணெய்க் கப்பலொன்றோடு மோதியது. கடற்படையினர் பத்துப் பேர் மாண்டனர். அக்கப்பலின் சுக்கானும் வேகமும் தொடுதிரைகளால் இயக்கப்பட்டன. கட்டுப்பாட்டை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றும்போது குழப்பம் நேர்ந்தது; சுக்கான் செயலிழந்துவிட்டதாக மாலுமி நம்பினான். வேகத்தைக் குறைக்க முயன்றபோது, இரண்டு சுழலிகளும் ஒன்றாய் இணைக்கப்படாதிருந்தமையால் ஒன்றன் வேகம் மாத்திரங் குறைந்தது. கப்பல் ஒருபுறமாய்த் திரும்பி மற்றக் கப்பலின் பாதையிற் புகுந்தது. பழைய முறையில் இரண்டு தண்டுகள் கையருகே நிற்கும். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாய் நின்றால் பிடித்த கைக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவன் கண்ணுக்கும் தெரியும். திரையிலோ அது இரண்டு சிறிய படங்களின் வேறுபாடு. பயிற்சிக் குறைவும் களைப்பும் காரணங்களாகக் கூறப்பட்டன என்பதையும் மறைத்தல் கூடாது. ஆயினும் 2019இல் அமெரிக்கக் கடற்படை, இவ்வகைக் கப்பல்களில் வேகத்தை இயக்குவதற்குத் தொடுதிரையை நீக்கிக் கையாற் பிடிக்குந் தண்டுகளை மீண்டும் வைப்பதென முடிவு செய்தது.

மோட்டார் நிறுவனங்களும் மெல்லத் திரும்புகின்றன. யப்பானிய மஸ்டா நிறுவனம் 2019இல் தொடுதிரையைக் கைவிட்டுத் திருகுங் குமிழை வைத்தது; ஆனால் அந்நிறுவனமே 2025இல் வெளியிட்ட புதிய வண்டியொன்றிற் குமிழை நீக்கிப் பெருந்திரைக்குப் போயிற்று. விற்பனை அறைக்கு அவ்வளவு வலிமை! ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் நிறுவனம் 2025இல், ஒலி, இருபக்க வெப்பம், காற்றாடி, அபாய விளக்கு ஆகிய ஐந்துக்கும் இனி வரும் வண்டிகளில் உண்மைப் பொத்தான்களே இருக்கும் என்று அறிவித்தது. ஐரோப்பாவில் வண்டிகளின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் வழங்கும் 'யூரோ என்கெப்' அமைப்பு, சிக்னல் விளக்கு, அபாய விளக்கு, ஹோர்ன், வைப்பர், அவசர அழைப்பு என்பன திரைக்கு வெளியே தனி ஆளிகளாய் இருக்கின்றனவா என்பதையும் 2026ஆம் ஆண்டிலிருந்து மதிப்பீட்டிற் சேர்த்துக்கொள்கின்றது. அது சட்டமன்று, ஆயினும் நட்சத்திரங் குறைந்தால் விற்பனை குறையும் என்பதை வணிகர் அறிவர்.

நம் நாட்டில் இவ்விடயம் வேறொரு வாயிலால் நுழைகின்றது. இங்கே ஓடும் கார்களிற் பெருந்தொகையானவை யப்பானிலே ஓடிப் பின் இறக்குமதியானவை. அவற்றின் திரை பேசுவது யப்பானிய மொழி. அதிலுள்ள வழிப்படம் யப்பானின் வழிப்படம். ஒற்றை எழுத்தும் அறியாத நம் சாரதிகள், இடமும் நிறமும் பார்த்து எந்தக் கட்டம் எதற்கு என்று மனனஞ் செய்து வைத்திருப்பதைப் பார்த்தால், கற்றவர்க்கு எழுத்தறியாமையின் துன்பம் எத்தகையது என்பது விளங்கும். வானொலியோ 76 மெகாஹேர்ட்சில் தொடங்கும் யப்பானியப் பண்பலை வரிசைக்கு அமைந்தது. 108 வரை செல்லும் நம் நிலையங்களிற் பல அதற்கு அகப்படா. ஆதலின் வண்டி வந்தவுடன் பழைய 'செற்'றைக் கழற்றிப் புதிய தொடுதிரையைப் பூட்டுதல் வழக்கமாயிற்று.

என்னிடம் படித்த இளைஞன் ஒருவன் இத்தொழிலைச் செய்கின்றான். அவன் கடையில் நின்று பார்த்தபோது, பூட்டுதல் ஒரு நுண்டொழில் என்பது தெரிந்தது. முகப்பிலே விடப்பட்டுள்ள துவாரத்தின் அளவு பொதுவாக 180 மில்லிமீற்றர் அகலமும் 100 மில்லிமீற்றர் உயரமும்; டொயோட்டா வண்டிகளிற் பல 200 மில்லிமீற்றர் அகலமுடையன. ஆகவே இரு மருங்கும் இடைவெளி விழாமற் சட்டம் வேண்டும். பின்னே கம்பிக் கற்றை: எப்பொழுதும் 12 உவோற்று இருக்கும் மஞ்சட் கம்பி நினைவைக் காப்பதற்கு, திறப்பைத் திருப்பியபின் உயிர் பெறும் சிவப்புக் கம்பி இயக்குவதற்கு, கறுப்பு, வண்டியின் உடலுக்கு. இரண்டையும் மாற்றிப் பூட்டினால் வண்டி நிறுத்தப்படும் போதெல்லாம் செற் தன் நினைவை இழக்கும். ரிவேர்ஸ் விளக்கிலிருந்து வரும் கம்பி, பின்கமராவைத் தானே விழிக்கச் செய்யும். கம்பிகளைப் பிரித்து முடிந்து நாடா சுற்றும் அவன் கைவிரல்கள், இருட்டான அந்தப் பொந்துக்குள்ளே கண் துணையின்றியே வேலை செய்தன.

இக்கற்றையில் இரண்டு கம்பிகள் பற்றியே நான் சிறப்பாகச் சொல்ல வந்தது. ஒன்று கைப் பிறேக்கிலிருந்து வருவது. பிறேக் இழுக்கப்பட்டிருந்தாலன்றித் திரையிலே சலனப்படம் ஓடாதபடி காப்பதற்காக அமைத்தவர் வைத்த பூட்டு அது. அதனைப் பிறேக்கோடு இணைக்காமல் வண்டியின் உடலிலே முடிந்துவிட்டால், பிறேக் எந்நேரமும் இழுக்கப்பட்டிருப்பதாகத் திரை ஏமாறும். ஓடும் வண்டியிலே படம் ஓடும். வாங்குபவர் பலர் அவ்வாறே முடிந்துதரும்படி கேட்கின்றனராம். மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவர் என்று அவன் சொன்னான். மறுத்துவிடு என்று சொல்ல ஆசிரியனுக்கு எளிது. அடுத்த மாதக் கடைவாடகை கொடுப்பவன் அவன். ஆகவே இதனைக் கேட்க வேண்டியவர்கள் வண்டியின் உரிமையாளர்கள். படம் பார்க்க விரும்பும் பிள்ளைகள் பின்னாசனத்தில் இருக்கின்றனர். திரை இருப்பதோ சாரதியின் இடக்கைக்கு அருகே.

மற்றது சுக்கான் வளையத்திலுள்ள பொத்தான்களின் கம்பி. பல வண்டிகளில் அங்கேயுள்ள ஒவ்வொரு பொத்தானும் வெவ்வேறு அளவான மின்தடையை ஒரே கம்பியில் இணைக்கின்றது. அழுத்தியது எது என்பதைத் தடையின் அளவைக் கொண்டு செற் அறியும். பூட்டுபவர் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி, இது ஒலியைக் கூட்டுவது, இது குறைப்பது, இது அடுத்த நிலையம் என்று புதிய திரைக்குக் கற்பிக்க வேண்டும். அதன்பின் பெருவிரல் இருந்த இடத்திலிருந்தே வேலையை முடிக்கும். கண் வீதியை விட்டு அசையாது. குளிர்காற்றுக்குத் தனிக் குமிழ்கள் உள்ள வண்டியாயின் அவற்றைத் தொடாமல் விடுதலும், ஒலிக்கு உண்மைக் குமிழ் உள்ள செற்றைத் தேடி வாங்குதலும் அதே வகையைச் சேர்ந்தன. ஒன்பது அங்குலம் பத்து அங்குலம் எனப் பெருகிய திரைகளில் ஓரத்தே இருந்த குமிழ்களையும் கண்ணாடி விழுங்கிவிட்டமையால், இத்தகையன இப்பொழுது கடையில் அரிதாகக் கிடைக்கின்றன.

சுக்கான் கம்பியை இணைத்துத் தரும்படி எத்தனை பேர் கேட்கின்றனர் என்று அவனிடம் விசாரித்தேன். சிரித்தான். வருபவர்கள் எல்லாருங் கேட்பது எத்தனை அங்குலம் என்பதையே என்றும், கேளாவிட்டாலும் அக்கம்பியைத் தான் இணைத்தே விடுவதாகவும், அதற்கெனத் தனிக்கூலி வாங்குவதில்லை என்றுஞ் சொல்லிவிட்டு அடுத்த வண்டியின் சட்டத்தைக் கழற்றத் தொடங்கினான்.